இடது தொடை

இருபத்து மூன்று தொடைகள். ஆறு வருசத்தில் இருபத்து மூன்று தடவை வாட்டசாட்டமான ஆண்களின் தொடைத் தசையை இந்தக் கை வெறும் பேனாவை வைத்துக்கொண்டு கிழித்திருக்கிறது, ஒருத்தனுக்கும் ஒரு பொட்டு வலி தெரிந்ததில்லை, இப்படி ஒரு வைத்தியனை, வைத்தியன் என்றும் சொல்லக் கூடாது, வைத்தியத்துக்கு எதிர்ப்பதம் என்னவோ அது, பாளையங்கோட்டையில் வேறு எவனாவது உண்டென்றால் காட்டட்டும், மீசையை எடுத்துவிடுகிறேன், மீசை முக்கால்வாசி தானாகவே போய்விட்டது என்பது வேறு விசயம். பத்தே முக்காலுக்கு வரச் சொன்னார்கள், பத்தரைக்கே வந்துவிட்டேன். ஓட்டலின் முதல் மாடி, கான்பரன்ஸ் ஹால் கதவுக்கு எதிரே ஒரு சோபா, உட்கார்ந்தால் ஆளை இடுப்புவரைக்கும் விழுங்குகிற சோபா, இதிலிருந்து எழுந்திருக்க மட்டும் நிசமாகவே நல்ல தொடை வேண்டும். மடியில் என் ரெக்சின் பை. ஜிப்பை இழுத்து மூடியிருக்கிறேன், மூடித்தான் இருக்கிறது, மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் விசாரணை. கபடி லீக்கிலிருந்து அனுப்பிய ரிடையர்டு ஜட்ஜ் அம்மா ஒருத்தர், அவருக்கு இரண்டு பக்கமும் கோட்டுப் போட்ட இரண்டு பேர். எங்கள் தாமிரச் சிறுத்தைகள் கபடி அணியின் கொம்பையா, ஏலத்தில் ஒரு கோடியே பத்து லட்சத்துக்குப் போன கொம்பையா, சனங்களுக்குக் கொம்பன், அவன் பஸ் டிரைவர் செல்வினைச் சீட்டிலிருந்து இழுத்துக் கீழே தள்ளிக் கையை ஒடித்தானா, இல்லை செல்வின் தானாகப் படியில் வழுக்கி விழுந்தானா, இதுதான் கேள்வி. பார்த்த ஆள் உலகத்திலேயே ஒன்றே ஒன்று. மைக் ஆவுடையப்பன், வயது எழுபத்தொன்று, அணியின் ஊடகத் தொடர்பாளர், அதாவது பேப்பருக்கு அறிக்கை எழுதுகிறவன். நான்தான். உலகத்திலேயே ஒன்று என்றால் சும்மாவா, கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம், நிமிர்ந்தால் சோபா விடமாட்டேன் என்கிறது.

தொடை என்றால் என்னவென்று வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. பேப்பரில் ஓரமாக வரும், நட்சத்திர வீரர் இன்னார் பயிற்சியின்போது ஏற்பட்ட தொடைத் தசைப்பிடிப்பு காரணமாக அடுத்த இரண்டு ஆட்டங்களில் பங்கேற்க மாட்டார் என்று. சனம் உச்சுக் கொட்டும். நட்சத்திரம் முந்தின நாள் யாருடைய மூக்கையோ உடைத்திருக்கும். அணிக்கு அவனைத் தண்டிக்கவும் முடியாது, தண்டித்தால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் பனியனில் பேர் போட்டிருக்கும் சிமெண்டுக் கம்பெனிக்காரன் முகம் சுளிப்பான். தண்டிக்காமலும் விட முடியாது, விட்டால் அவன் நாளைக்கு முதலாளி மூக்குக்கே வந்துவிடுவான். ஆகவே இரண்டு ஆட்டம் உட்காரவைப்பார்கள், உட்கார்ந்ததற்குக் காரணம் நான் கொடுப்பேன். மேனேஜர் நிர்மல் போன் பண்ணுவார், "அண்ணாச்சி, ஒரு தொடை போட்ருங்க." அவ்வளவுதான், வேறு பேச்சே கிடையாது. இதற்குள்ளே எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா. குடித்துவிட்டு லாபியில் விழுந்து கிடந்தால் முதுகு. கல்யாண மண்டபத்தில் நாற்காலியைத் தூக்கி வீசினால் தோள்பட்டை, தூக்கின கைக்கே பொருத்தமாக. போலீஸ் ஸ்டேசன் வரைக்கும் போய்விட்டால் விஷக்காய்ச்சல், காய்ச்சல்காரனை எந்த நிருபரும் எட்டிப் பார்க்க மாட்டான். மற்ற எல்லாவற்றுக்கும் தொடை. தொடைதான் ராஜா. கண்ணுக்குத் தெரியாது, அவிழ்த்துக் காட்டு என்று யாரும் கேட்க மாட்டார்கள், தானாக வரும், தானாகப் போகும். இன்னொரு நுணுக்கம், இது நானே கண்டுபிடித்தது, ஒரே ஆளுக்கு ஒரே தொடையில் இரண்டாம் தடவை போடக் கூடாது. போட்டால் பழைய காயம் திரும்பிவிட்டது என்று அடுத்த ஏலத்தில் பயப்படுவார்கள், விலை இறங்கிவிடும். ஒரு தடவை இடது என்றால் மறுதடவை வலது. ஆறு வருசம், ஒரு பிசகு கிடையாது. போன சீசனில் கொம்பனுக்கு நான் போட்ட தொடையைப் பேப்பரில் படித்துவிட்டுச் சங்கரன்கோயிலில் இருந்து ஒரு அம்மாள் மூலிகை எண்ணெய் காய்ச்சி பார்சலில் அனுப்பியிருந்தாள், சூடு பண்ணித் தேய்க்கவும் என்று சீட்டு வேறு. கொம்பன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, நான் என் முழங்காலில் தேய்த்தேன், ஒன்பது வருச வாதம் நாலே நாளில் ஓடிப்போய்விட்டது, நாலு நாள் என்பது கொஞ்சம் கூடுதல், நாற்பது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனாலும் என் பொய்க்கு வந்த எண்ணெய் என் மெய்யான முழங்காலைக் குணப்படுத்தியது, இந்தப் பெருமை எத்தனை எழுத்தாளனுக்குக் கிடைத்திருக்கிறது. தொடை எல்லாருக்கும் கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். ஜெபராஜ் என்று ஒருத்தன், பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவன், சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை. ரிசப்சனில் ரூம் சாவிக்குச் சத்தம் போட்டுவிட்டான், சத்தம் மட்டும்தான். அவனுக்கு மட்டும் நாற்பத்திரண்டு பக்க ஒழுக்கக் கையேட்டைத் தூசி தட்டி எடுத்தார்கள், அன்று சாயங்கால ரயிலிலேயே அனுப்பிவிட்டார்கள். ஒழுங்கீனம் காரணமாக நீக்கப்பட்டார், நாலே வரி, நான் எழுதியதில் நிசமான அறிக்கை அது ஒன்றுதான், அதில் ஒரு அழகும் கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் ரூம் வாசலில் வந்து நின்றான். "அண்ணாச்சி, எனக்கும் ஒரு தொடை போட்டுருக்கப் புடாதா? எங்கம்மா பேப்பர் படிப்பாளே." நான் என்ன சொன்னேன். ஏதோ ஒரு தமாஷ் சொன்னேன், அவன் சிரித்தான், என் தமாஷுக்குச் சிரிக்காதவன் கிடையாது. சிரித்துக்கொண்டேதான் போனான்.

எதிர் நாற்காலியில் செல்வின். வலது கை விரலில் தொடங்கி முழங்கைவரை மாவுக்கட்டு, கழுத்திலிருந்து தூளி மாதிரி ஒரு துணியில் தொங்குகிறது. ஆறுமுகநேரிக்காரன், வயது நாற்பது இருக்காது, பதினாறு வருசம் பஸ் ஓட்டி ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. அவனை எங்களுக்கு அனுப்பிய பஸ் கம்பெனி, கவனக்குறைவான டிரைவர் வேண்டாம் என்று நிறுத்திவைத்திருக்கிறது, படியில் வழுக்கினான் என்பது நின்றுவிட்டால் வேறு எவனும் ஸ்டியரிங்கைக் கொடுக்க மாட்டான். அவன் பெண்டாட்டிதான் லீக்குக்குப் புகார் எழுதிப் போட்டவள், அதில் சாட்சி என்று என் பேரை எழுதியவளும் அவள்தான். "டீ குடிச்சீங்களா அண்ணாச்சி?" என்கிறான். என் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ, அவன் என்னை டீ குடித்தாயா என்று கேட்கிறான். "குடிச்சேம்பா. ஓட்டல் டீ. கிளாசத் தொறந்து பாத்தா டீயக் காணும், டீயோட போட்டோதான் இருந்துச்சு." சிரித்தான். பார்த்தீர்களா, கை ஒடிந்தவனையும் சிரிக்கவைப்பேன். அன்றைக்கு மத்தியானம் மூன்று மணி இருக்கும், ஒன்பது நாளாகிறது, பயிற்சி முடிந்து வந்து பஸ் ஓட்டலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் நின்றது, எல்லாரும் இறங்கிவிட்டார்கள், நான் கடைசி சீட்டில் தலையைச் சாய்த்துக் கிடந்தேன், சாப்பாட்டு மயக்கம். கொம்பன் மட்டும் திரும்பி ஏறினான். "செல்வின் அண்ணே, சாவியக் குடு. முன்வாசல்ல பயலுவ நிக்கானுவ, நானே ஓட்டிட்டுப் போயி எறங்குதேன், வீடியோ எடுக்கட்டும்." செல்வின் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. "ஹெவி லைசென்ஸ் இல்லாம தர முடியாது தம்பி. அங்க பூரா சின்னப் புள்ளைக நிக்கி." "யாருகிட்டப் பேசுதேன்னு தெரியுதால்ல?" "தெரியுது. அதாம் தம்பின்னு சொல்லுதேன்." ஏழு பேர் பிடித்தாலும் ஏழு பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்புகிற கை கொம்பனுடைய கை, நானே அதை நூறு தரம் மைக்கில் புகழ்ந்திருக்கிறேன். அந்தக் கை செல்வினின் சட்டைக் காலரில் விழுந்தது. அப்புறம், அப்புறம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். காது மூடவில்லை, காதுக்கு இமை கிடையாது. இழுபடுகிற சத்தம், படியில் ஒன்று இரண்டு மூன்று, சரளைக்கல், முருங்கைக்காயை ஒடித்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவ்வளவு சின்னச் சத்தம். கண்ணைத் திறந்தபோது கொம்பன் இல்லை, செல்வின் கீழே உட்கார்ந்து கையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான், இடது கால் வெறுங்காலாக இருந்தது. நான் இறங்கி வந்து தண்ணி பாட்டிலை நீட்டினேன், என்னப்பா செல்வின், என்னாச்சு என்று கேட்டேன். பாருங்கள், என்னாச்சு என்று கேட்டேன். ஆளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டுப் பையை எடுக்கத் திரும்ப பஸ்ஸில் ஏறினால், கிளட்ச் மிதிக்கு அடியில் செல்வினுடைய செருப்பு, வார் அறுந்து, மிதிக்கட்டைக்கும் தரைத் தகரத்துக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு கிடந்தது. குனிந்து எடுத்தேன். பையில் போட்டேன். ஏன் எடுத்தேன், தெரியாது. ஏன் அவனிடம் கொடுக்கவில்லை, தெரியாது. ஒன்பது நாளாக இந்தப் பையிலேயே இருக்கிறது, என் மூக்குக்கண்ணாடிக் கூடும் அதுவும் ஒட்டிக்கொண்டு, ஜிப் மூடித்தான் இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலமே போன் வந்தது, "அண்ணாச்சி, கொம்பனுக்கு ரெண்டு மேட்ச் ரெஸ்ட். தொடை போட்ருங்க, காலைல பிராக்டீஸ்லன்னு போட்ருங்க." போட்டேன். என் தொழில் அது, போட்டேன்.

கதவு திறந்தது, கொம்பன் வெளியே வந்தான், நொண்டிக்கொண்டு. ஆறடி உடம்பு, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கோயிலுக்குப் போய்வந்த மாப்பிள்ளை மாதிரி. என்னைப் பார்த்ததும் நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான், "அண்ணாச்சி, சாப்ட்டீயளா?" கெட்டவன் என்று சொல்ல மனசு வராது, அதுதான் சங்கடம், அவன் சின்ன ஊர் மைதானத்தில் ஆடும்போதே சிறுத்தை பாய்கிறது பாருங்கள் என்று முதல் தடவை மைக்கில் சொன்னது நான், பனியனில் இன்றைக்குப் போட்டிருக்கிற சிறுத்தை என் வாயிலிருந்து குதித்தது. செல்வின் பக்கம் அவன் திரும்பவே இல்லை, அங்கே ஒரு பூந்தொட்டி இருக்கிற மாதிரி. கையை விட்டுவிட்டு லிஃப்டைப் பார்த்து நொண்டினான், வலது காலை இழுத்து இழுத்து. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துவிட்டது. "ஏலே, இடது." நின்றான். "என்ன அண்ணாச்சி?" "இடதுல. அறிக்கையில இடதுலா போட்டுருக்கு." முகத்தில் நிசமான குழப்பம். "போன சீசன்லலா இடது போட்டீய? மொறைப்படி இந்த வாட்டி வலதுன்னு நெனச்சிட்டேன் அண்ணாச்சி. உள்ள கூட வலதத்தான் தடவிக்கிட்டே இருந்தேன்." "இல்லல, இதும் இடதுதான்." "அய்யய்யோ," என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, காலை மாற்றி, இடதை இழுத்துக்கொண்டு, பக்தியோடு போனான், லிஃப்ட் கதவு மூடுகிறவரை நொண்டினான், உள்ளே போயும் ஒரு தரம் நொண்டியிருப்பான். சிரிப்புச் சத்தம். செல்வின். தூளியில் கை குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறான், வலிக்கிறது, வலிக்க வலிக்கச் சிரிக்கிறான், நானும் சிரித்தேன், என்ன பண்ண, என் பொய் எனக்கு முன்னாலேயே தடம் மாறி நொண்டுகிறது, தமாஷ்தானே. கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வின் சொன்னான், ஒரு கோபமும் இல்லாமல், ரோட்டில் பள்ளம் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. "அண்ணாச்சி, டிரைவர் சீட்டுக்கு மேல கண்ணாடி ஒண்ணு உண்டு. பின் சீட்டுவரைக்கும் தெரியும். நீங்க முழிச்சுத்தான் இருந்தீங்க." மடியிலிருந்த பையை இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டேன். "கண்ண மூடுனதயும் பாத்தேன். பயந்துட்டாரு பாவம்னு நெனச்சேன். வயசாளிலா." பாவம். ஐம்பது வருசத்தில் என்னை ஒருத்தன் பாவம் என்று சொல்லிக் கேட்டதில்லை. பொய்யன் என்று சொல்லியிருக்கிறார்கள், புளுகன், அண்டப்புளுகன், எல்லாம் காதில் பூ மாதிரி விழும். பாவம் என்றது மட்டும் எங்கேயோ உள்ளே போய்க் கிளட்சுக்கு அடியில் சிக்கின மாதிரி நின்றுகொண்டது.

நிர்மல் வந்தார். மெட்ராஸ் பிள்ளை, முப்பத்தைந்து வயது, ஷூ போட்டு நடந்தாலும் சத்தம் வராது. என் பக்கத்தில் சோபா முனையில் உட்கார்ந்து தோளில் கை போட்டார். "அண்ணாச்சி, அடுத்து நீங்கதான். டென்ஷனே வேணாம். உங்க ஸ்டைல்ல ஜாலியா பேசுங்க." "என்ன பேசணும்?" "உங்க இஷ்டம். தூங்கிட்டேன்னு சொன்னாலும் சரி, பார்த்தேன்னு சொன்னாலும் சரி. நமக்கு ரெண்டும் ஒண்ணுதான்." சிரித்துக்கொண்டே எழுந்தார். "உங்க ரிலீஸ்தான் நம்ம மெயின் டாக்குமெண்ட். காலைல தொடை பிடிச்ச ஆள் மத்தியானம் எப்படி ஒருத்தரை இழுக்க முடியும்? வக்கீலே அசந்துட்டார். சூப்பர் அண்ணாச்சி." உள்ளே போய்விட்டார். சூப்பர் என்றதும் நெஞ்சு ஒரு தரம் விரிந்தது, பழக்கம், பிறகுதான் மெதுவாக உறைத்தது. ரெண்டும் ஒண்ணுதான். சாட்சிக்கு என் பேரைப் பார்த்ததும் இந்த ஆள் ஏன் அவ்வளவு சந்தோசமாகத் தலையாட்டினார் என்று இத்தனை நாளாக யோசித்தேன், மரியாதை என்று நினைத்தேன், மடையன். ஆவுடையப்பன் பார்த்தேன் என்று சொன்னால் பார்க்கவில்லை என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். யார் செய்த வினை. கயத்தாறு மைதானத்தில் அந்தக் காலத்து ஆட்டக்காரன் முப்பிடாதி பாடிப் போனபோது, கபடி கபடி என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிராளி கட்டத்துக்குள் போய்த் தொட்டுவிட்டு மூச்சு அறுவதற்குள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும், ஆட்டமே இதுதான், அப்போது நான் மைக்கில் சொன்னேன், முப்பிடாதி பாட ஆரம்பிக்கும்போது புறப்பட்ட திருச்செந்தூர் பஸ் போய், ஆள் இறக்கி, கடலில் குளித்து, திரும்பி வந்தும் நம்ம ஆள் இன்னும் மூச்சு விடவில்லை பெருமக்களே என்று. மூவாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். இன்னொரு தரம் அவனைப் பிடித்த ஏழு பேரையும், நடுவர் நாற்காலியையும், மைக் கம்பத்தையும், கம்பத்தோடு என்னையும் சேர்த்துக் கோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான் என்றும், இழுபட்டுக்கொண்டே நான் வர்ணனை சொன்னேன் என்றும் சொல்லியிருக்கிறேன், அதை இன்றைக்கும் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். பொய் சொல்லி நம்பவைக்கிறது எனக்குக் கைவந்தது. நிசத்தைச் சொல்லி நம்பவைக்கிறது எப்படி, ஒரு தரமும் செய்து பழக்கமில்லையே. நான் உள்ளே போய், அம்மா, கொம்பன் இவனை இழுத்துத் தள்ளினான் என்றால், கோட்டுப் போட்டவர் கேட்பார், அப்படியானால் காலையிலேயே தொடை போயிற்று என்று எழுதியது யார் என்று. நான்தான். அது பொய்யா. பொய்தான். அப்போது இது மட்டும் நிசமா. எல்லாரும் சிரிப்பார்கள். இருபத்து மூன்று தொடையும் வரிசையாக நின்று என்னை உதைக்கும், இருபத்து மூன்றும் நல்ல வலுவான தொடைகள், ஒன்றிலும் ஒரு குறை கிடையாது.

ஒரு குறை. இரு, இரு. கொம்பன் சொன்னான், போன சீசனில் இடது. ஆமாம், இடதுதான், சங்கரன்கோயில் அம்மாள்கூடச் சீட்டில் இடது தொடைக்கு என்று எழுதியிருந்தாள். அப்படியானால் இந்தத் தடவை வலது. முறை அது. நான் உண்டாக்கின முறை. இதற்கு முன்னால் ஒன்றுகூட முறை தவறினதில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்கூட யாருக்கு எது என்று சொல்வேன், கொம்பனுக்கே மனப்பாடமாகியிருக்கிறது, எனக்கு எப்படித் தவறியது. வயசு என்று சொல்லலாம், சொல்ல மாட்டேன், இந்த மண்டையில் ஐம்பது வருச ஆட்டம் அத்தனையும் புள்ளியோடு இருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் ரூமில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி கடகட என்றது. எழுதுகிற பேடை எடுத்தேன், பேனாவைத் திறந்தேன், மூக்குக்கண்ணாடி வேண்டுமே என்று பைக்குள் கையை விட்டேன். கை கண்ணாடிக் கூட்டைத் தேடிப் போய்ச் செருப்பின்மேல் பட்டது. கால் சூடு எப்போதோ ஆறிப்போய், ரப்பர் வழவழவென்று, குதிகால் பக்கம் தேய்ந்து, பெருவிரல் பதிந்த குழி. அந்தக் குழியில் என் விரல் போய் உட்கார்ந்தது. எந்தக் கால் என்று விரலே பார்த்துக்கொண்டது. இடது. கிளட்ச் மிதிக்கிற கால். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினேன், இடது. மண்டை பொய் எழுதிக்கொண்டிருந்தபோது கை அதன் போக்கில் ஒரு நிசத்தை எழுதிவிட்டது. ஒரே ஒரு சொல். அடேயப்பா. அடேயப்பா, ஆவுடையப்பா. பொய்யே ஊற்றெடுக்கிற ஆள் நான் என்று நானே என்னை நம்பிக்கொண்டிருந்தேன், என் கை என்னை நம்பவில்லை, அது கண்ணை மூடவில்லை. இப்போது தெரிகிறது, செருப்பை நான் எடுத்துவைத்தது செல்வினுக்காக இல்லை, அவ்வளவு நல்லவன் இல்லை நான், அறிக்கையில் பிசகு எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறதற்காக எடுத்துவைத்திருக்கிறேன். படியில் வழுக்கி விழுகிறவன் செருப்பு படியில் கிடக்கும், சரளையில் கிடக்கும். கிளட்சுக்கு அடியில் வார் அறுந்து கிடக்காது. புகாரிலேயே இருக்கிறது, ஒற்றைச் செருப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று, அந்த வரியை யாரும் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன், தேவையில்லாத வரி அது. பொய்யில் தேவையில்லாத வரி வராது, அது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

"மிஸ்டர் ஆவுடையப்பன்." கூப்பிட்டுவிட்டார்கள். சோபா விடமாட்டேன் என்றது, செல்வின் எழுந்து வந்து இடது கையை நீட்டினான், பிடித்துக்கொண்டு எழுந்தேன், ஒடிந்த கைக்காரன் என்னை எழுப்பிவிடுகிறான். "பாத்து அண்ணாச்சி, தரை வழுக்கும்." "வழுக்கட்டும். நான் வழுக்கி விழுந்தா நீதாம்பா சாட்சி." உள்ளே குளிர். நீள மேசை, நடுவில் ஜட்ஜ் அம்மா, நரைத்த கொண்டை, கழுத்தில் சங்கிலியில் தொங்குகிற கண்ணாடி. ஒரு ஓரத்தில் நிர்மல், கால்மேல் கால் போட்டு, நாடகம் பார்க்க வந்தவர் மாதிரி. ஜட்ஜ் அம்மா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார். "நீங்கதான மைக் ஆவுடையப்பன்? கோவில்பட்டியில சின்னப் புள்ளையா இருக்கும்போது கேட்ருக்கேன். பஸ்சு திருச்செந்தூர் போயிட்டுக் குளிச்சிட்டு வருமே." கோட்டுக்காரர்கள் சிரித்தார்கள், நிர்மல் சத்தமாகவே சிரித்தார். நானும் கும்பிட்டேன், ஐம்பது வருசம் கழித்தும் ஒரு ஜட்ஜின் வாயில் என் பஸ் ஓடுகிறது, இதற்கு மேல் ஒரு மனுசனுக்கு என்ன வேண்டும், வேறொரு நாளாக இருந்தால் அந்த இடத்திலேயே இன்னும் இரண்டு எடுத்துவிட்டிருப்பேன். நாக்கு நுனிக்கு ஒன்று வந்தே விட்டது. விழுங்கினேன். மேசைமேல் என் அறிக்கை. அம்மா அதை என் பக்கம் தள்ளினார். "இது நீங்க எழுதுனதா?" "நான் எழுதுனதுதாம்மா." "இதுல உள்ளது எல்லாம் சரியா?" "ஒரு தப்பு இருக்கும்மா." நிர்மலின் கால் கீழே இறங்கியது. "என்ன தப்பு?" "இடதுன்னு போட்டுட்டேன். மொறைப்படி வலதுன்னு போட்டுருக்கணும்." கோட்டுக்காரர் ஒருத்தர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார், அம்மா கையை உயர்த்தினார், சிரிப்பு பாதியில் நின்றது. "அதென்ன மொறை?" "இருபத்து மூணு தொடைக்கும் உள்ள மொறைம்மா, ஒவ்வொண்ணா சொல்லுதேன், யாரு, எதுக்கு, எந்தத் தேதின்னு. ஆறு வருசத்துல இந்த ஒண்ணுதான் பெசகிருச்சு. ஏன் பெசகுச்சுன்னு மொதல்ல சொல்லிருதேன்." "அண்ணாச்சி," என்றார் நிர்மல், முதல் தடவையாகக் குரல் கொஞ்சம் உடைந்து. ஜிப் இழுக்கிற சத்தம் அந்த ஹாலில் அவ்வளவு பெரிதாகக் கேட்டது. கண்ணாடிக் கூட்டை ஒதுக்கிவிட்டு எடுத்தேன், அறுந்த வார் தொங்க, அறிக்கையின் மேலேயே வைத்தேன், இடது என்று நான் எழுதியிருந்த சொல்லின்மேல் குதிகால் வரும்படி. யாரும் சிரிக்கவில்லை. நான் நின்ற மேடைகளில், நான் பிடித்த மைக்குகளில், வாயைத் திறக்கப்போகிறேன் என்று தெரிந்தும் ஒரு கூட்டம் இப்படி மூச்சடங்கி உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை, மூவாயிரம் பேரின் கைதட்டலைவிட இது கனமாக இருந்தது, முதுகு தானாக நிமிர்ந்தது. நடுக்கோட்டைத் தாண்டியாகிவிட்டது, இனி மூச்சு அறுவதற்குள் திரும்ப வேண்டும். ஜட்ஜ் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நெஞ்சு நிறைய இழுத்தேன்.

"நான் முழிச்சுத்தான் இருந்தேம்மா," என்று ஆரம்பித்தேன்.